டொக்கா, டங்கா? வாயால சொல்லுங்க!

வண்டி ரிப்பேர் தொழில்ல வண்டியைக்கூட சமாளிச்சிடலாம். அது போடுற சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பேஜாரு. என்னை மாதிரி ஷெட்டு போட்டு மாட்டிக்கினவங்களுக்கும் சரி, பழைய பிக்கப் வண்டி வாங்கி மாட்டிக்கினவங்களுக்கும் சரி, இதை நான் விளக்கவே வேணாம். கிளப்பும்போது அடியில ஒரு டங்கு. பிரேக் போட்டு நிக்கும்போது ஒரு டொக்கு. வண்டி ஓடும், லோடு இழுக்கும், எல்லாம் பண்ணும். ஆனா அந்தச் சத்தம் மனுஷனை நிம்மதியா சோறு தின்ன விடாது.

காரணம் ரொம்பச் சின்னது. கியர் பெட்டியிலேர்ந்து பின் சக்கரம் வரைக்கும் நீளமா ஒரு ஷாஃப்ட்டு போவுது. அது ரெண்டு துண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சி, பள்ளம் மேட்டுக்குத் தகுந்த மாதிரி நீளும், சுருங்கும். நுழையிற இடத்துல வரிவரியா பல்லு வெட்டியிருக்கும். ஸ்பிளைன்னு அதுக்குப் பேரு; எங்க ஷெட்டுல வெறும் 'பல்லு'தான். அந்தப் பல்லுல கிரீஸு காஞ்சிப்போச்சுன்னா, வழுக்கிக்கினு போகவேண்டியது சிக்கிக்கினு நிக்கும், அப்புறம் திடீர்னு விடும். அந்த விடுறதுதான் டொக்கு. ஷாஃப்ட்டைக் கழட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, புது கிரீஸைத் தடவி மாட்டினா தீந்தது வேலை.

இதுல என் கஷ்டம் இன்னான்னா, அந்த டொக்கு எனக்குக் கேக்காது. கும்மிடிப்பூண்டியில கம்பி உருட்டுற மில்லுல வருஷக்கணக்கா ஃபிட்டரா இருந்தேன். அந்த இரைச்சல் என் இடது காதை முழுசா வாங்கிக்கினு, வலது காதுல பாதியைப் போனாப் போவுதுன்னு விட்டு வெச்சிது. மில்லை விட்டுட்டு வந்து, இருந்த நகையை எல்லாம் வித்துப் போட்டு, காக்களூர் எஸ்டேட் ஓரமா பூபாலன் ஒர்க்ஷாப்னு என் பேர்லயே ஷெட்டு போட்டேன். செல்போன் எல்லார் சட்டைப் பையிலயும் வந்து உக்கார ஆரம்பிச்ச சமயம் அது. சத்தம் கேக்காத மெக்கானிக்குகிட்ட எவன் வண்டியை விடுவான்? விஷயம் வெளிய தெரிஞ்சா ஷெட்டுக்குப் பூட்டுதான். அதனால தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு என் வீட்டுக்காரி மல்லிகா. இன்னொண்ணு கடம்பத்தூர்லேர்ந்து ரயில்ல வந்து என்கூட வேலை பாக்குற டில்லி.

அதுக்கு நான் ஒரு வழி பண்ணி வெச்சிருந்தேன். எவன் வந்து "சத்தம் வருது"ன்னாலும், "வாயால அடிச்சிக் காட்டு"ன்னுடுவேன். டங்குன்னா வாய் விரியும். டொக்குன்னா உதடு குவியும். லொடலொடன்னா நாக்கு ஆடும். உதட்டைப் பாத்தே பாதி புரிஞ்சிடும். மீதிக்கு, வண்டியை ஓட்டிப் பாக்கும்போது கியர் குச்சி மேல கையை வெச்சிக்குவேன். அடி எங்க விழுதுன்னு உள்ளங்கை சொல்லிடும். நடுவுல பேச்சு ஏதாவது விட்டுப்போனா, டில்லி அதையே நக்கல் பண்ற மாதிரி திருப்பி உரக்கச் சொல்லுவான். "இன்னா சார், போன வாரத்துலேர்ந்தா வருது?" பாக்கிறவங்களுக்கு அவன் திமிர் பிடிச்சவன். எனக்கு அவன்தான் காது.

மொட்டை யாரு போடுறது?

நாயுடு ஒருத்தர் ஆரம்பாக்கம் பக்கத்துலேர்ந்து வருவாரு. காய்கறி லோடு. எங்கிட்ட முதல் தடவை வந்தப்போ ஆள் ரொம்ப நொந்துபோயிருந்தாரு. ஒரு ஒர்க்ஷாப்புல கியர் பெட்டி போச்சுன்னாங்களாம், இன்னொண்ணுல பின் சக்கர அச்சோட ஹவுசிங்கே மாத்தணும்னாங்களாம். "வாயால அடிச்சிக் காட்டு நைனா"ன்னேன். மனுஷன் கூச்சமே படல. ரெண்டு கையாலயும் தொடையில தட்டிக்கினு, எடுக்கும்போது டங்கு, நிக்கும்போது டொக்குன்னு ஒரு கச்சேரியே பண்ணிட்டாரு. சத்தமோ சத்தம். ஆந்திரா பார்டர் பக்கத்து ஆளுங்களுக்கே தொண்டை பெருசுன்னு நினைச்சிக்கினேன்.

ஷாஃப்ட்டைக் கழட்டினா, ரெண்டு துண்டுப் பல்லும் எலும்பு மாதிரி காஞ்சி கெடக்கு. கழுவி, தடவி, மாட்டிக் குடுத்தேன். எஸ்டேட்டை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாரு. இறங்கி வந்து சந்தோஷப்படுவாருன்னு பாத்தா, தலையைச் சொறிஞ்சிக்கினு நிக்கிறாரு. இன்னா நைனா, சத்தம் போகலியான்னு கேட்டேன்.

"சத்தம் போயிடுச்சு நைனா, அதான் பிரச்சினையே! இது நின்னா மொட்டை போடுறேன்னு திருப்பதி ஏடுகொண்டலவாடுக்கு வேண்டிக்கினேன். இப்ப கிரீஸு தடவினது நீ, மொட்டை யாரு போடுறது சொல்லு!"

சாமி சொன்ன டொக்கு

திருவள்ளூர் கோயில் பக்கத்துல சம்பத் சாமின்னு ஒருத்தர். தலைமுறை தலைமுறையா பெருமாள் கைங்கரியம் பண்ற குடும்பம். மடப்பள்ளிக்கு காய்கறி, அரிசி, பூவெல்லாம் கொண்டாந்து போட சொந்தமா ஒரு பிக்கப் வெச்சிருந்தாரு. பளிச்சுன்னு நாமம், மடிச்ச அங்கவஸ்திரம், பேச்சு எல்லாம் பூ உதிர்ற மாதிரி. அதுதான் எனக்கு வெனை. "அடியில ஒரு மாதிரி ஒலி வரது"ன்னாரு. டில்லி திருப்பிச் சொன்னப்புறம்தான் எனக்குப் புரிஞ்சிது.

"எப்படி ஒலி சாமி? வாயால அடிச்சிக் காட்டுங்க"ன்னேன். மனுஷன் ஆடிப்போயிட்டாரு. சுத்திமுத்திப் பாக்கிறாரு. வாசல்ல நாலு டிரைவருங்க, எதிர்ல டீக்கடை முழுக்க ஆளு. "நான் எப்படி ஓய் அதெல்லாம்..."ன்னு இழுத்தாரு. வேற வழியில்லாம அங்கவஸ்திரத்தால வாயை மூடிக்கினு ஏதோ சொன்னாரு. வாயை மூடிக்கினா நான் உதட்டை எங்கேர்ந்து பாக்குறது? "துணியை எடுத்துட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமா சாமி." மறுபடியும் சொன்னாரு. "இன்னும் கொஞ்சம்." அவருக்கு வந்துதே ஒரு கோவம்! அங்கவஸ்திரத்தை உதறித் தோள்ல போட்டுக்கினு, "டொக்!"குன்னு அடிவயித்துலேர்ந்து ஒரு கத்து கத்தினாரு பாருங்க. எனக்கே கேட்டுச்சு. எதிர்ல டீ ஆத்திக்கினு இருந்தவரு கிளாஸை அப்படியே பிடிச்சிக்கினு நின்னுட்டாரு.

பல்லுதான். அன்னிக்கே முடிச்சிக் குடுத்தேன். வண்டி ஏறும்போது சாமிக்குக் கோவம் எல்லாம் போயி சிரிப்பு வந்துடுச்சு.

"பெருமாள் நாமம் சொல்ற வாய் ஓய் இது, இதுல நடுத்தெருவுல டொக்குன்னு சொல்ல வெச்சுட்டீரே!"

பொட்டு வெச்ச ஷாஃப்ட்டு

ஷாஃப்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டுலயும் நேருக்கு நேரா ஒரு அடையாளம் வெக்கணும். மாட்டும்போது அதே அடையாளத்துக்குச் சேக்கணும். ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் வேகம் எடுக்கும்போது வண்டி உதறும். இது டில்லியோட வேலை. சாக்பீஸால சின்னதா ஒரு புள்ளி வெப்பான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஒரு செங்கல் சூளைக்காரரோட பிக்கப் நின்னுது. ஷாஃப்ட்டைக் கழட்டி, கழுவி, கிரீஸ் தடவி, புள்ளி வெச்சது மேல இருக்கிற மாதிரி பெஞ்சுல வெச்சிட்டு டில்லி ரயிலுக்கு ஓடிட்டான். மறுநாள் விடிகாலையில மல்லிகா வந்து ஷெட்டைக் கூட்டி, ஸ்பானரு, ஜாக்கி, வைஸ் எல்லாத்தையும் துடைச்சி சந்தனம் குங்குமம் வெச்சிருக்கா. ஷாஃப்ட்டையும் சாக்பீஸ் புள்ளி போற அளவுக்கு நல்லா துடைச்சி, ஒவ்வொரு துண்டுலயும் அழகா ஒரு பொட்டு. சூளைக்காரரு பூஜைக்கு வண்டி வேணும்னு வந்து நிக்கிறாரு. நான் அவசரத்துல, டில்லிதான் இன்னிக்கு விசேஷம்னு குங்குமத்துல அடையாளம் வெச்சிருக்கான் போலன்னு, பொட்டுக்குப் பொட்டு நேரா வெச்சி மாட்டிட்டேன்.

ஓட்டிப் பாத்தேன். காதுல ஒண்ணும் இல்ல, அமைதியோ அமைதி. ஆனா கியர் குச்சி என் கையில ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. முன்னாடி கட்டியிருந்த வாழைக்கன்னு ரெண்டும் தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுது. திரும்பி வந்து, பூஜை மாலையோட நின்ன வண்டிக்கு அடியில குழிக்குள்ள இறங்கி, எல்லாத்தையும் கழட்டி, தேய்ஞ்ச தடத்தைத் தடவிப் பாத்து சரியா மாட்டினேன். எனக்கு வந்த கோவத்துக்கு மல்லிகாவைப் பாத்துக் கத்தினேன். அவ குங்குமச் சிமிழைக் கீழ வெக்கக்கூட இல்ல.

"நான் அழகுக்கு வெச்சேன், நீ அதை அடையாளம்னு எடுத்துக்கினா அதுக்கு நானா பொறுப்பு?"

மீன் வித்த சத்தம்

மஸ்தான் பாய் பழவேற்காட்டுக்காரரு. பரம்பரையா வியாபாரக் குடும்பம். விடிகாலையில மீனும் எறாலும் ஏத்திக்கினு வந்து, மணவாள நகர் தெருவுங்கள்ல வித்துட்டு, மீதியை மார்க்கெட்டுல போட்டுட்டுப் போவாரு. ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் ஒழுகி ஒழுகி அவரு வண்டிப் பல்லுல கிரீஸுங்கிறதே இருக்காது, துருதான் இருக்கும். தெருமுனையில வண்டி நின்னா, அடியில யாரோ சம்மட்டியால அடிச்ச மாதிரி இருக்கும். என் உள்ளங்கையே வலிக்கும்னா பாத்துக்கோங்க.

பாய் பேசினா எஸ்டேட் முழுக்கக் கேக்கும். ஒருநாள் நாஷ்டா துன்னுக்கினே நான் அவருகிட்ட நேராவே சொன்னேன். "பாய், நீங்க கடலோரத்துல இருக்கிறவங்க, அலை இரைச்சல்ல பேசிப் பேசித் தொண்டை இப்படி ஆயிடுச்சு. நாயுடுவும் கத்துறாரு. சம்பத் சாமிகூட இப்பல்லாம் கத்தித்தான் பேசுறாரு, கோயில்ல மேளம் பக்கத்துல நிக்கிறாரு போல. இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்கும் மெதுவா பேசத் தெரியல"ன்னேன். பாய், "இருக்கும் மேஸ்திரி, இருக்கும்"னு இட்லியைப் பிட்டு வாயில போட்டுக்கினாரு. டில்லிக்கு மட்டும் ஏன் புரையேறிச்சுன்னு எனக்கு அப்போ தெரியல.

அவரு வண்டிக்கு துருவெல்லாம் சுரண்டி, தண்ணி படாத கிரீஸா பாத்துத் தடவி, ரப்பரு சீலும் மாத்திக் குடுத்தேன். என் கையாலயே பண்ணேன். அப்படி ஒரு வேலை, பஞ்சு மாதிரி போச்சு வண்டி. மறுநாளே பாய் வந்து நிக்கிறாரு, வண்டி நிறைய மீனோட. மணவாள நகர் பொம்பளைங்க எல்லாம் அந்த டொக்கைக் கேட்டுத்தான் பாத்திரத்தோட வெளிய வருவாங்களாம். இன்னிக்கு வண்டி பூனை மாதிரி போயி நின்னுருக்கு. ஹாரன் அடிச்சிருக்காரு, வேற எவனோன்னு ஒருத்தியும் கதவைத் திறக்கல. சத்தத்தை எடுன்னு நீங்கதானே பாய் கேட்டீங்கன்னேன்.

"சத்தத்தை எடுக்கச் சொன்னேன், வாஸ்தவம்தான், யாவாரத்தையும் சேத்து எடுக்கச் சொன்னேனா?"

மெதுவா பேசின மனுஷன்

அன்னிக்கு டில்லி வரல. அவன் தங்கச்சிக்கு வளைகாப்பு. அந்த நேரம் பாத்து ஒரு பிக்கப் வந்து நின்னுது. இறங்கினவரு பேரு தேவராஜ். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டுல ஒரு கம்பெனிக்கு வண்டி போக்குவரத்தெல்லாம் அவருதான் பாக்கிறாரு. கம்பெனியில நிறைய பிக்கப் இருக்கு, வேலை பிடிச்சா எல்லாத்தையும் உங்ககிட்டயே விடுறோம்னு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லியிருந்தாரு. அந்தப் போனையும் டில்லிதான் பேசினான். அந்த வேலை கெடைச்சா ஷெட்டு நிலைச்சிடும்.

மனுஷன் வாயைத் திறந்தாரு. எனக்கு ஒண்ணுமே கேக்கல. இந்த ஜில்லாவுலயே மெதுவா பேசுற ஒரே ஆளு, டில்லி இல்லாத அன்னிக்குத்தானா வரணும்? போதாக்குறைக்கு மீசை வேற உதட்டை மூடிக்கினு இருக்கு. "சத்தம் எப்படி வருது சார்? வாயால அடிச்சிக் காட்டுங்க"ன்னேன். சிரிச்சிக்கினே தலையை ஆட்டிட்டு, வண்டியில ஏறுன்னு கையைக் காட்டினாரு. சரி, கியர் குச்சி இருக்கே, பாத்துக்கலாம்னு ஓட்டுற பக்கம் போனேன். அவரு முந்திக்கினு ஸ்டியரிங் பிடிச்சி உக்காந்துட்டாரு. கியர் குச்சியும் அவரு கையில. இன்னியோட முடிஞ்சிது நம்ம பொழைப்புன்னு நினைச்சிக்கினே பக்கத்துல ஏறினேன்.

வண்டி கிளம்பிச்சு. வேற வழி தெரியாம செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலை வண்டித் தரைத் தகரத்துல வெச்சேன். எடுக்கும்போது ஒண்ணும் இல்ல. எஸ்டேட் முனையில நிறுத்தினாரு பாருங்க, உள்ளங்கால்ல ஒரு குத்து. வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. "நிக்கும்போது ஒரு டொக்கு வருதே சார், ஷாஃப்ட்டுப் பல்லு காஞ்சிருக்கு"ன்னேன். மனுஷன் என் காலைப் பாத்தாரு. செருப்பைப் பாத்தாரு. என்ஜினை அணைச்சாரு. அப்புறம் என் பக்கமா நல்லா திரும்பி உக்காந்துக்கினு, ஒரு கத்து கத்தினாரு.

"மேஸ்திரி! இப்ப கேக்குதா? பூபாலன் ஒர்க்ஷாப் எங்கன்னு கேட்டா காக்களூர்ல ஒருத்தருக்கும் தெரியல. 'செவுட்டு மேஸ்திரி ஷெட்டு'ன்னேன், டீக்கடையில இருந்த எல்லாரும் ஒரே நேரத்துல கையைக் காட்டுறாங்க! எங்க டிரைவருங்க சொல்லித்தான் அனுப்பினாங்க. 'நல்லா கத்திப் பேசு சார், வாயால சத்தம் போடச் சொன்னா கூச்சப்படாம போட்டுக் காட்டு, விஷயம் தெரியும்னு மட்டும் காட்டிக்காத, மேஸ்திரி வருத்தப்படுவாரு'ன்னு. நான்தான் நம்பாம மெதுவா பேசிப் பாத்தேன். காலாலயே கேக்குற ஆளுக்குக் காது எதுக்கு? நாளைக்கே எல்லா வண்டியும் வரும்!"

வெக்கமா இருந்துச்சு. கண்ணு வேற கலங்கிடுச்சு. இத்தன வருஷமா எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சேதான் வண்டியைக் கொண்டாந்து விட்டாங்களா? ஷெட்டுக்குத் திரும்பி வந்தா, மஸ்தான் பாய் பெஞ்சுல உக்காந்திருக்காரு. போன டொக்குக்குப் பதிலா தெருமுனையில தட்டுறதுக்கு வண்டிப் பக்கத்துல ஒரு தகரத் தட்டு கட்டிக் குடுன்னு கேக்க வந்திருக்காரு. இறங்கின வேகத்துல நேரா அவருகிட்டதான் போனேன். "பாய், எனக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். பாய் எழுந்து நின்னு, ரெண்டு கையையும் வாய் ஓரமா குவிச்சிக்கினாரு.

"தெரியாமயா இத்தன வருஷமா தொண்டை கிழியக் கத்திக்கினு கெடக்குறேன்? அலை இரைச்சலாம், அலை இரைச்சல்!"

ஊரே டமாரம் அடிச்ச ஒரு ரகசியம் எனக்கு மட்டும் ஏன் எட்டலைன்னு, என்கூட சேந்து இவ்ளோ நேரம் அவதிப்பட்ட உங்களுக்கும் நான் வாயால அடிச்சிக் காட்டணுமா இன்னா!